மாடு தன் காலால் வர வேண்டும்: ரோபோ கறவைக்கு மாறுகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு காலை. 47-ம் எண் மாடு 13 மணி நேரமாகக் கறவைக்கு வரவில்லை என்று திரையில் சிவப்பாகக் காட்டியது. "அக்கா, கழுத்துப் பட்டையில எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஓட்டிட்டு வந்துடவா?" என்று கேட்டான் கூட வேலை செய்யும் தம்பி. "இரு, அதுவா எழுந்து நடக்கட்டும், பார்க்கிறேன்" என்றேன். எழுந்தது. எழுந்தவுடன் வலது பின்னங்காலை ஒரு நொடி தரையில் ஊன்றாமல் பிடித்துக்கொண்டது. நடக்கும்போது முதுகு லேசாக வளைந்தது. நொண்டல் என்று சொல்லவே முடியாது. காலைத் தூக்கிக் கட்டிப் பார்த்தால், வெளிப்பக்கக் குளம்பின் அடியில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவந்து, புண் ஆரம்பித்திருந்தது. சுற்றிலும் சீவி, உள்பக்க நல்ல குளம்புக்கு ஒரு மரக்கட்டையை ஒட்டி விட்டோம். நான்காம் நாளிலிருந்து அதுவாக வரத் தொடங்கியது.

ரோபோ கறவை பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். கையால் கறக்கும்போது நாம் மாட்டிடம் போகிறோம். கறவைக் கூடத்தில் மாட்டை ஓட்டி வருகிறோம். ரோபோ என்பது காம்பைக் கேமராவால் தேடி, கறவைக் குவளையை மாட்டி, ஆள் இல்லாமல் கறக்கும் இயந்திரம்; அது நின்ற இடத்தில் நிற்கும். மாடு தன் காலால் நடந்து, தன் விருப்பத்தில் உள்ளே ஏற வேண்டும். கால் வலித்தால் வராது, பசி இல்லாவிட்டால் வராது, வாசலில் வேறொரு மாடு முட்டும் என்று பயந்தாலும் வராது. அதனால் ரோபோ வந்த பிறகு கறக்கும் வேலை குறைகிறது, மாட்டைப் பார்க்கும் வேலை கூடுகிறது. நான் 16 வருடம் கையாலும் சாதாரண இயந்திரத்தாலும் கறந்தவள். கடந்த 6 வருடமாக 2 ரோபோக்களோடும் 110 கறவை மாடுகளோடும் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் 1992-ல் முதன்முதலாக ஒரு பண்ணையில் இந்த இயந்திரம் விற்பனைக்கு வந்து வேலைக்கு நின்றது. அதன்பின் கேமராவும் உணரிகளும் எவ்வளவோ மாறிவிட்டன. மாடு தானாக வந்தால்தான் கறவை என்ற அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு ரோபோவுக்கு எத்தனை மாடு

60, 70 என்று விற்பவர்கள் சொல்வார்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். கழுவும் சுற்று 3 முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 நிமிடம் என்றால் 60 நிமிடம் போய்விடும். மாடு ஏறி, கறந்து, இறங்க 7 முதல் 8 நிமிடம். இதில் 200 நிமிடமாவது ரோபோ சும்மா இருக்கும்படி விட வேண்டும். மிச்சம் 1,180 நிமிடத்தில் ஏறக்குறைய 157 கறவை நடக்கும். 55 மாடு இருந்தால் ஒரு மாட்டுக்குச் சராசரியாக 2.9 கறவை. 70 மாடு என்றால் 2.2 தான்.

சும்மா இருக்கும் அந்த 200 நிமிடம் எதற்கு என்று கேட்பார்கள். அது பயந்த மாடுகளுக்கு. எப்போதும் மாடுகள் நிற்கும் வாசலில் வலிய மாடு வரும், போகும். தலைஈத்து மாடு தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் 83-ம் எண் மாடு முதல் ஈத்தில் இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில்தான் வரும், வாசல் காலியாக இருக்கிற நேரம் பார்த்து. அந்த நேரமும் நிரம்பியிருந்தால் அது எப்போது கறந்திருக்கும்? ரோபோ சும்மா இருக்கும் நேரம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மாட்டைக் குறையுங்கள். கறவை கூடக் கூடக் காசு என்று நினைத்து நிரப்பினால், மாடுகள் நின்றே களைத்துப்போகும்.

வாசலும் நடைவழியும்

ரோபோவின் முன்னால் 5 அல்லது 6 மீட்டர் திறந்த இடம் வேண்டும். தூண், தடுப்பு, மூலை எதுவும் வேண்டாம். ஒரு மாடு வெளியே வரும்போது இன்னொன்று எதிரே நின்று மறித்தால், உள்ளே இருக்கும் மாடு இறங்காது. அங்கேயே 3, 4 நிமிடம் வீணாகும். அப்படி இரண்டு மூன்று முறை அடிபட்ட மாடு அடுத்த தடவை ஏறவே யோசிக்கும். வெளியே வரும் பக்கத்தில் கொஞ்ச தூரம் தள்ளித் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். கறந்த மாட்டுக்குத் தாகம் எடுக்கும். தொட்டியை வாசலுக்கு ஒட்டி வைத்தால் அங்கேயே நெரிசல்.

நடைவழி இரண்டு வகை. மாடு படுக்கைக்கும் தீவனத் தொட்டிக்கும் ரோபோவுக்கும் இஷ்டப்படி போகலாம் என்பது ஒன்று. ஒருவழிக் கதவுகள் வைத்து, கறவை நேரம் ஆன மாட்டை ரோபோ பக்கமாகத் திருப்பிவிட்டு, கறந்த பிறகுதான் தீவனத்துக்கு விடுவது இன்னொன்று. கதவு வைத்தால் நாம் ஓட்டி வர வேண்டிய மாடுகள் குறையும், அது உண்மை. ஆனால் பலவீனமான மாடுகள் காத்திருப்புத் தடத்தில் மணிக்கணக்கில் நிற்கும். மாடு ஒரு நாளில் 11, 12 மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். நின்ற நேரம் முழுக்கக் குளம்பில்தான் போய்ச் சேரும். எனக்குத் திறந்த நடைவழிதான் பிடிக்கும். கொஞ்சம் கூடுதலாக நடந்து நாலு மாட்டை ஓட்டி வருவது எனக்குச் சிரமமில்லை. கதவு வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள், ஒரு மாடு ஒரு மணி நேரத்துக்கு மேல் தடத்தில் நிற்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

எதற்காக வருகிறது

மடி கனத்தால் மாடு தானாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். மடி கனம் கொஞ்சம் தூண்டும், அவ்வளவுதான். முக்கியமாக மாடு வருவது ரோபோவுக்குள் கிடைக்கும் அடர்தீவனத்துக்காக. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அந்த அடர்தீவனம் பெல்லட்டாக, அதாவது அழுத்திச் செய்த சிறு உருளைகளாக வரும், கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பிடி எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அழுத்தித் தேயுங்கள். உடையாமல் வழுவழுப்பாக உருண்டால் நல்லது. மாவாக உதிர்ந்தால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிவிடும், மூக்கில் தூசி ஏறும், தட்டின் அடியில் மாவு அப்பிக்கொண்டு புளிக்கும். ஒருமுறை புதுச் சுமை பெல்லட் வந்து இரண்டே நாளில், ஓட்டி வர வேண்டிய மாடுகள் 5-லிருந்து 17-ஆக ஏறின. ரோபோவில் ஏதோ கோளாறு என்று அரை நாள் தேடினோம். கடைசியில் சேமிப்புக் கலனின் அடியில் கையை விட்டபோது வெறும் தூளாக வந்தது. சலித்துப் போட்டதும் மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி. அப்புறம் எந்தச் சுமை வந்தாலும் இறக்குவதற்கு முன் சல்லடையில் ஒரு படி போட்டுப் பார்க்கிறோம்.

அளவும் முக்கியம். மாடு நிமிடத்துக்கு 300 முதல் 400 கிராம் பெல்லட் தின்னும். 7 நிமிடத்தில் ஏறக்குறைய 2 கிலோவுக்குச் சற்று மேல். அதற்கு மேல் கணினியில் எழுதி வைத்தாலும் மிச்சம் தட்டில்தான் கிடக்கும், அடுத்து வரும் மாடு அதைத் தின்னும். அதோடு ஒரே நேரத்தில் நிறைய அடர்தீவனம் போனால் வயிற்றில் அமிலம் கூடும். சாணம் இளகி நுரை தெரிந்தாலோ, பாலில் கொழுப்பு புரதத்துக்குக் கீழே இறங்கினாலோ, அசைபோடுவது குறைந்தாலோ முதலில் அடர்தீவன அளவைத்தான் சந்தேகப்பட வேண்டும். புதுச் சுமை வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாளியைத் தட்டின் கீழே பிடித்து, இயந்திரம் கொட்டுவதை எடை போடுங்கள். 300 கிராம் என்று திரை சொல்லும், வாளியில் 240 தான் விழுந்திருக்கும். அடர்த்தி மாறினால் அளவும் மாறும்.

தொட்டியில் போடும் தீவனம் இதற்குத் துணை. அதில் சத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால் மாடு அங்கேயே வயிறு நிரம்பிப் படுத்துவிடும். பசுந்தீவனமும் நார்ச்சத்தும் அங்கே, ஆசை காட்டும் கொஞ்சம் அடர்தீவனம் ரோபோவில். தொட்டித் தீவனத்தை 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை மாட்டுக்கு எட்டும்படி தள்ளிவிட வேண்டும். தள்ளும் சத்தம் கேட்டால் படுத்த மாடு எழும். எழுந்த மாட்டில் சில ரோபோ பக்கம் போகும். நள்ளிரவுக்கு மேல் ரோபோ சும்மா நிற்கிறது என்று கவலைப்படுபவர்கள், இரவில் ஒருமுறை கூடுதலாகத் தள்ளிப் பாருங்கள்.

பழக்கும் நாட்கள்

முதல் மூன்று வாரம் தூக்கம் குறையும், அதற்குத் தயாராக இருங்கள். கன்று ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கிடாரிகளை ரோபோ வழியாக நடத்திப் பழக்குங்கள். கறக்க வேண்டாம். ஏறட்டும், கொஞ்சம் தின்னட்டும், இறங்கட்டும். ரோபோவின் கை அசையும் சத்தத்தையும் காற்று விடும் சத்தத்தையும் கேட்டுப் பழகட்டும். ஈன்ற பிறகு ஒரு நாளைக்கு 3 முறை நாம் ஓட்டி வர வேண்டும். பெரும்பாலான மாடுகள் ஒரு வாரத்துக்குள் வழி கற்றுக்கொள்கின்றன. சில மாடுகள் மாதக்கணக்கில் ஆனாலும் கற்காது, அவற்றை வைத்துக்கொள்வதா என்பது உங்கள் முடிவு.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பு. குச்சி எடுக்கக் கூடாது, வாலை முறுக்கக் கூடாது, கத்தக் கூடாது. பயந்த மாட்டின் உடம்பில் அட்ரினலின் ஏறினால், பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசின் வேலை செய்யாது, சுரப்பு விடாது. ரோபோ வெறும் மடியை இழுக்கும், காம்பு வலிக்கும், மாடு உதைக்கும், அடுத்த முறை ஏறாது. பின்பக்கம் இடுப்பை ஒட்டி நின்று, மெதுவாக நடந்தால் போதும். ஓட்டிவிட்டு அங்கேயே நிற்கவும் கூடாது. நாம் நின்றால், நாம் வந்தால்தான் ஏற வேண்டும் என்று மாடு கற்றுக்கொள்ளும்.

மடி மயிரைக் கத்தரியுங்கள் அல்லது அதற்கென இருக்கும் மென்சுடரில் கருக்கிவிடுங்கள். மயிர் நீண்டால் சாணம் ஒட்டும், கேமராவுக்குக் காம்பு தெரியாது. பின்காம்புகள் இரண்டும் ஒட்டியிருக்கும் மாடு, மடி தரைக்கு மிக அருகே தொங்கும் மாடு இவையெல்லாம் ரோபோவுக்குக் கஷ்டம். சினை ஊசிக்குக் காளையைத் தேர்ந்தெடுக்கும்போதே காம்பு அமைப்பைப் பார்த்துவிடுங்கள். பலன் தெரிய மூன்று வருடம் ஆகும்.

எப்போது கறக்கவிடுவது

மாடு ஏறும்போதெல்லாம் ரோபோ கறக்காது. கறவை அனுமதி என்று ஒன்று நாம் எழுதி வைக்கிறோம். நேரம் ஆகாத மாடு ஏறினால் தீவனம் கொடுக்காமல் வெளியே விட்டுவிடும். அப்படித் திருப்பி அனுப்பப்படுவதைப் பார்த்துச் சிலர் பதறுகிறார்கள். பதற வேண்டாம். அது மாடு துறுதுறுவென்று நடமாடுகிறது என்பதற்கு அடையாளம். ஒரு மாட்டுக்கு ஒரு நாளில் ஒன்று இரண்டு தடவை அப்படி நடந்தால் எனக்குச் சந்தோஷம். திடீரென்று பூஜ்யம் ஆனால்தான் கவலை.

ஈன்று முதல் 100 நாளில் இருக்கும் மாட்டுக்கு 5, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை விடலாம். பால் குறைந்த, சினை முற்றிய மாட்டுக்கு 10 மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். மடியில் குறைந்தது 8 கிலோவாவது சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. குறைந்த பாலை அடிக்கடி கறந்தால் இரண்டு தொல்லை. ஒன்று, காம்பு முனை தேவையில்லாமல் இழுபடுகிறது. இரண்டு, சிறுசிறு அளவாக அடிக்கடி கறந்து காற்றோடு கலந்து குழாயில் ஓடும் பாலில் கொழுப்பு உடைந்து, கெட்ட வாடை வரும். அந்தப் பக்கம் பார்த்தால், 12 மணி நேரத்துக்கு மேல் மடியில் பால் தங்குவதும் நல்லதல்ல. சுரப்பு குறையும், கிருமி பெருக நேரம் கிடைக்கும்.

பால் வற்ற வைக்கப் போகும் மாட்டுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அடர்தீவனத்தையும் அனுமதியையும் படிப்படியாகக் குறைக்கலாம். இது ரோபோவில் மிகச் சுலபம், ஒரு மாட்டுக்கு மட்டும் தனியாக மாற்ற முடியும். கூட்டமாகக் கறந்த காலத்தில் இதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மடி

இங்கேதான் ரோபோவை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நல்லது. நான்கு காம்பையும் ரோபோ தனித்தனியாகக் கறக்கிறது. பால் நின்ற காம்பிலிருந்து குவளையை உடனே எடுத்துவிடும், மற்ற மூன்றும் தொடரும். சாதாரண இயந்திரத்தில் நாலும் ஒன்றாகத்தான் கழன்று வரும், அதனால் முன்காம்புகள் வெறுமனே இழுபடும். எங்கள் மாடுகளின் முன்காம்பு முனையில் இருந்த கரடுமுரடான வளையம் ரோபோ வந்த ஒரு வருடத்தில் நன்றாகக் குறைந்தது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரியது.

அடுத்து மின்கடத்துத்திறன். மடிநோய் வந்த காம்பின் பாலில் சோடியமும் குளோரைடும் கூடும், அதனால் மின்சாரம் எளிதாகக் கடக்கும். ரோபோ ஒவ்வொரு காம்புப் பாலையும் அளந்து, ஒரு காம்பு மற்ற மூன்றைவிட உயர்ந்தால் எச்சரிக்கிறது. நிறத்தைப் பார்த்து இரத்தத்தையும் சொல்லும். சில இயந்திரங்களில் பாலில் உள்ள சோமாட்டிக் செல்களை (தொற்று வந்தால் கூடும் உடல் செல்கள்) எண்ணும் கருவியும் உண்டு. ஒரு மில்லிலிட்டரில் 2 லட்சத்துக்கு மேல் போனால் உள்ளே தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எச்சரிக்கை எல்லாமே மடிநோய் அல்ல. கறவை இடைவெளி நீண்டாலும், பருவத்துக்கு வந்திருந்தாலும் எண் குதிக்கும். எச்சரிக்கை வராமலேயே மடிநோய் இருப்பதும் உண்டு. அதனால் நான் மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கிறேன். அந்தக் காம்பின் மின்கடத்துத்திறன் ஏறியிருக்கிறதா, அதே காம்பின் பால் அளவு இறங்கியிருக்கிறதா, மாடு வரும் இடைவெளி மாறியிருக்கிறதா? இரண்டு சேர்ந்தால் உடனே மாட்டைப் பிடித்து, கையால் நாலு பீச்சு கறுப்புத் தட்டில் கறந்து பார்க்கிறேன். திரிதிரியாகக் கட்டி தெரிந்தால் சந்தேகமே இல்லை. தெரியாவிட்டால் கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை. நாலு குழித் தட்டில் நாலு காம்புப் பாலையும் எடுத்து, கரைசலை அதே அளவு ஊற்றி, தட்டை 10 நொடி சுழற்றுங்கள். கெட்ட காம்பின் குழியில் பால் கூழ்போல் இறுகும், தட்டைச் சாய்த்தால் ஒட்டிக்கொண்டு நகரும். விரலால் மடியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடும் கல்போன்ற இறுக்கமும் கைக்குத்தான் தெரியும்.

மருந்து போடுவதற்கு முன் பால் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி கறவைக் குவளை வழியாகப் பரவும். ஒரே நாலு குவளை 55 மாட்டுக்கும் போகிறது என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு மாட்டுக்கும் பிறகு நீராவியாலோ கிருமிகொல்லியான பெராசிடிக் அமிலக் கரைசலாலோ குவளையை அலசும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், அது வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

நான் கற்றுக்கொண்ட கசப்பான பாடம் ஒன்று. ஒரு சமயம் பால் தொட்டியின் செல் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எந்த மாடும் பெரிதாக எச்சரிக்கையில் வரவில்லை. கறந்த பின் காம்புக்கு மருந்து தெளிக்கும் கை வேலை செய்கிறது என்று திரை சொன்னது, தெளிக்கும் சத்தமும் கேட்டது. ஒரு நாள் மாடு இறங்கியதும் வெள்ளைக் காகிதத் துண்டைக் காம்பைச் சுற்றி வைத்து எடுத்தேன். ஒரு பக்கம்தான் நனைந்திருந்தது. அடுத்த மாட்டில் பின்காம்புகளில் ஈரமே இல்லை. தெளிப்பு முனை பாதி அடைத்து, கோணலாகத் திரும்பியிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ! கறந்த பிறகு காம்புத் துளை மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், அந்த நேரத்துக்கான காவலே இல்லாமல் மாடுகள் சாணத்தில் படுத்திருக்கின்றன. இப்போது ஒவ்வொரு திங்களும் 5 மாட்டுக்குக் காகிதத் துண்டுச் சோதனை செய்கிறோம். காகிதத்தில் முழு வட்டமாக நிறம் படிய வேண்டும். நீங்களும் இதைச் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

அதே காரணத்துக்காகக் கறந்த மாடு உடனே படுக்காமல் இருக்க, வெளியே வந்ததும் புதுத் தீவனம் தெரியும்படி வைப்பது நல்லது. படுக்கையை நாளுக்கு இரண்டு தடவை சுத்தம் செய்யுங்கள். ரோபோ காம்பைத் தூரிகையாலோ குவளையாலோ கழுவுகிறது, ஆனால் அழுக்கு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கொஞ்சம் அழுக்கானாலும் அப்பிக் கிடந்தாலும் ஒரே கழுவல்தான். அதனால் மாடு சுத்தமாக வருவது நம் பொறுப்பு.

லைனர் (குவளைக்குள் காம்பைப் பிடிக்கும் குழல்) மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். 2,500 கறவை தாங்கும் ரப்பர் லைனர் என்றால், ஒரு நாளுக்கு 155 கறவை ஓடும் ரோபோவில் 16 நாளில் ஆயுள் முடிந்துவிடும். சிலிக்கான் இன்னும் நாள் தாங்கும். உறையில் போட்டிருக்கும் எண்ணிக்கையைப் பாருங்கள், தேதியை அல்ல.

கறவை பாதியில் நின்ற மாடுகளின் பட்டியலும் தினமும் பார்க்க வேண்டியது. குவளையை உதைத்துத் தள்ளிய மாட்டின் ஒரு காம்பு கறக்கப்படாமலேயே போயிருக்கும். அது அடுத்த முறை வரும்வரை அந்தக் காம்பில் பால் தேங்கிக் கிடக்கும். ஒரே மாடு இரண்டு நாளில் மூன்று தடவை அப்படி வந்தால், காம்பில் புண் இருக்கிறதா, ஈத்தொல்லையா, கேமரா கண்ணாடியில் சாணமா என்று நின்று பாருங்கள். பெரும்பாலும் கேமராதான். காலையும் மாலையும் ஈரமான மென்துணியால் துடைத்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

குளம்பு

47-ம் எண் கதையில் பெரும்பகுதி சொல்லிவிட்டேன். நொண்டும் மாடு குறைவாக வரும், குறைவாகத் தின்னும், நாம் ஓட்டும் பட்டியலில் தினமும் இருக்கும். அந்தப் பட்டியலில் ஒரே எண் மூன்று நாள் தொடர்ந்து இருந்தால் காலைத் தூக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஈனுவதற்கு முன் ஒருமுறை, கறவைக் காலத்தின் நடுவில் ஒருமுறை குளம்பு சீவுங்கள். குளம்புக் குளியல் தொட்டியை மட்டும் ரோபோ வாசலில் வைக்க வேண்டாம். மருந்து நெடியில் மாடு தயங்கி நின்றுவிடும்.

கழுத்துப் பட்டை சொல்வது

மாட்டின் கழுத்தில் கட்டிய பட்டை அசைபோடும் நேரத்தையும் நடமாட்டத்தையும் கணக்கெடுக்கிறது. ஆரோக்கியமான மாடு ஒரு நாளில் 7 முதல் 9 மணி நேரம் அசைபோடும். எண்ணைவிட மாற்றம் முக்கியம். நேற்று 510 நிமிடம், இன்று 380 என்றால் அந்த மாட்டிடம் போக வேண்டும். பால் குறைவதற்கு ஒரு நாள் முன்பே அசைபோடுவது குறைந்துவிடுவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஈனும் நாளிலும் பருவத்துக்கு வரும் நாளிலும் அது இறங்கும், அது இயல்பு.

ஈன்ற முதல் மாதத்தில் பாலின் கொழுப்பை புரதத்தால் வகுத்துப் பாருங்கள். 1.4-க்கு மேல் தொடர்ந்து இருந்தால், மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கிறது, அதனால் இரத்தத்தில் கீட்டோன் கூடும் கீட்டோசிஸ் நோய் வரலாம். எடை மேடை உள்ள ரோபோ என்றால் எடை இறங்குவதும் கூடவே தெரியும். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு இரத்தத்தில் கீட்டோன் பார்த்துவிட்டால் சீக்கிரம் காப்பாற்றலாம்.

பருவம் பார்ப்பதில் பட்டை எங்களுக்குப் பெரிய உதவி. நடமாட்டம் ஏறியதும் இரவில்கூடச் சொல்லிவிடும். காலையில் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் சினை ஊசி என்ற பழைய கணக்கு அப்படியே பொருந்துகிறது.

மருந்து போட்ட மாடு

இதை மட்டும் தனியாக எழுதுகிறேன், ஒரு தவறு ஒரு தொட்டிப் பாலையே வீணாக்கும். ஆன்டிபயாடிக் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் கணினியில் அந்த மாட்டின் பாலைப் பிரித்துவிடும்படி எழுதுங்கள். எழுதிய பிறகே ஊசி. ஊசி போட்டுவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால், நீங்கள் கைகழுவி வருவதற்குள் மாடு ரோபோவில் ஏறியிருக்கும். பின்னங்காலில் சிவப்புப் பட்டையும் கட்டிவிடுங்கள், எண்ணைத் தவறாக அடித்திருந்தால் கண்ணுக்காவது தெரியும். ஈன்ற மாட்டின் சீம்பாலுக்கும் இதே ஒழுங்கு.

இயந்திரம் நின்றால்

இரவில் அழைப்பு வரும். ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொள்கிறதா என்று மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். காற்று அழுத்தி, தண்ணீர், பால் வடிகட்டி, குளிர்தொட்டி என்ற வரிசையில் தேடினால் பெரும்பாலான காரணம் கிடைத்துவிடும். யார் எந்த இரவு எழுவது என்று முன்பே எழுதி ஒட்டி வையுங்கள்.

ஒரு ரோபோ 2 மணி நேரம் நின்றால் 13 கறவை தேங்கும். மீண்டும் ஓடத் தொடங்கியதும் வலிய மாடுகள்தான் முதலில் முண்டியடிக்கும். அந்த நேரத்தில் நான் தொழுவத்தில் இறங்கி, ஈன்று ஒரு மாதம் ஆகாத மாடுகளையும் கறவை இடைவெளி 10 மணி நேரம் தாண்டியவற்றையும் முதலில் உள்ளே விடுகிறேன். நாலு அல்லது ஐந்துதான் இருக்கும். அவை கறந்து முடிந்ததும் வாசலைத் திறந்துவிட்டு, தீவனத்தை ஒரு சுற்றுத் தள்ளிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுப்பேன். மிச்சம் மாடுகள் விடிவதற்குள் தாமாக வந்துவிடும்.